தேதிதான் பேசும்: பழைய கடனும் பழைய வழக்கும் அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸை என்ன செய்யும்?

வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் ஐ.டி. வேலை தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் ஒரு வரி உண்டு: "சீக்ரெட் கிளியரன்ஸ் பெறத் தகுதி இருக்க வேண்டும்." அதைப் படித்ததும் பலருக்கும் வயிற்றில் புளி கரைகிறது. கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு ஒன்று நினைவுக்கு வரும். இல்லையென்றால் காலேஜ் நாளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியது. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று விளம்பரத்தை மூடிவிடுவார்கள். பாதிப் பேர் தேவையில்லாமல் மூடுகிறார்கள். மீதிப் பேர் அதைவிட மோசமான காரியம் செய்கிறார்கள்: படிவத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு நகர்கிறார்கள்.

முதலில் அடிப்படை. கிளியரன்ஸ் என்பது அரசு ரகசியங்களை நம்பி இவர் கையில் கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு எடுக்கும் முடிவு. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படி. நீங்களாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. அரசுத் துறையோ, அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பெனியோ உங்களுக்காகக் கேட்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. அதன்பின் எஸ்எஃப்-86 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பெரும்பாலான விசாரணைகளை நடத்துவது பெண்டகனின் கீழ் இருக்கும் டிசிஎஸ்ஏ என்ற அமைப்பு. 2019 அக்டோபரிலிருந்து இந்தப் பொறுப்பு அவர்களிடம் இருக்கிறது.

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடற்படைக்கும் ஈகன் என்பவருக்கும் நடந்த வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இங்கே தலைகீழ்: சந்தேகம் இருந்தால் அதன் பலன் நாட்டின் பாதுகாப்புக்கு. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கடன் பட்டவரை ஏன் பார்க்கிறார்கள்?

ஏழை என்பதால் அல்ல. 1967-இல் ஜான் வாக்கர் என்ற கடற்படை அதிகாரி, தென் கரோலினாவில் வாங்கிப் போட்ட மதுக்கடை நட்டத்தில் போக, வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானே நடந்து போய் ரகசியச் சங்கேதங்களை விற்கத் தொடங்கினார். 1985-இல்தான் பிடிபட்டார். அதே 1985-இல் சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்துச் செலவும் கடனும் கழுத்தை நெரிக்க, அதே வேலையைச் செய்தார். அவர் விஷயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பின்னாளில் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாகவே வாங்கினார். அது அரசுச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு அல்ல. ஆனாலும் 1994 பிப்ரவரி வரை கைதாகவில்லை. அடுத்த ஆண்டு, 1995-இல், கிளியரன்ஸுக்கான நிதிச் சோதனைகளை வலுப்படுத்தும் 12968-ஆம் எண் நிர்வாக ஆணை வந்தது. ஆகவே கடன் மட்டுமல்ல, கணக்குக் காட்ட முடியாத செல்வமும் இந்த விதிகளில் பிரச்சினைதான்.

இன்று எல்லோருக்கும் பொதுவான விதிப்புத்தகம் எஸ்இஏடி-4. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். பணம் 'எஃப்', குற்றம் 'ஜே'. இரண்டுக்கும் முன்னால் ஒளிந்திருக்கும் 'இ', அதாவது நேர்மையும் நடத்தையும். பல பேரை உண்மையில் கவிழ்ப்பது இந்த 'இ'தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

எவ்வளவு கடன் இருந்தால் போச்சு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இத்தனை டாலர் என்று ஒரு கோடு விதியில் இல்லை. மாதாமாதம் தவணை ஒழுங்காகப் போகும் நாலு லட்சம் டாலர் வீட்டுக்கடன் பிரச்சினையே இல்லை. கண்டுகொள்ளாமல் விட்ட நாலாயிரம் டாலர் மருத்துவமனை பில் கேள்வியாக வரலாம்.

படிவத்தின் 26-ஆம் பிரிவு கேட்பவை இவை: கடந்த 7 ஆண்டுகளில் எந்தக் கடனாவது 120 நாளுக்கு மேல் கட்டாமல் இருந்ததா, இப்போது இருக்கிறதா, திவால் மனு போட்டீர்களா, வீடோ காரோ ஜப்தியானதா, கணக்கு கலெக்‌ஷனுக்குப் போனதா, கடனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் வந்ததா, வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டீர்களா, குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கியா, வருமான வரி தாக்கல் செய்யாமலோ கட்டாமலோ விட்டீர்களா.

ஒரு கடன் எப்படிக் கெட்டுப்போகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கிரெடிட் கார்டில் 6,000 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கட்டுவதை நிறுத்திய முதல் மாதத்திலிருந்தே தாமதக் கட்டணம், வட்டி. 120-வது நாளில் படிவத்தில் எழுத வேண்டிய கடனாகிவிடுகிறது. சுமார் 180-வது நாளில் வங்கி அதை 'சார்ஜ் ஆஃப்' என்று குறிக்கிறது. இங்கேதான் ஒரு பெரிய தவறான புரிதல். நம் ஊரில் கடன் தள்ளுபடி என்றால் கடன் போய்விட்டது என்று பொருள். சார்ஜ் ஆஃப் தள்ளுபடி அல்ல. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நட்டம் என்று எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். பணம் இன்னும் நீங்கள் தர வேண்டியதுதான். பிறகு வங்கி அந்தக் கடனைச் சொற்ப விலைக்கு ஒரு வசூல் கம்பெனிக்கு விற்கும். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரே கடன் இரண்டு பெயரில் இரண்டு வரியாக நிற்கும். விசாரணை அதிகாரி இரண்டையும் கேட்பார். இரண்டும் ஒன்றுதான் என்று கணக்கு எண்ணை வைத்துக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

"ஏழு வருஷம் ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து போய்விடும், அதுவரை சும்மா இரு" என்ற அறிவுரையும் ஊரெல்லாம் உலவுகிறது. கார் லோனுக்கு அது உதவலாம். கிளியரன்ஸுக்கு உதவாது. வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டது என்ற வாதத்துக்கும் இங்கே மதிப்பில்லை. சட்டப்படி உங்களிடம் வசூலிக்க முடியாமல் போவது ஒன்று, நீங்கள் பொறுப்பாகத் தீர்த்தது வேறு. கடனை ரத்து செய்ததாகக் கடன் கொடுத்தவர் அனுப்பும் 1099-சி படிவத்தையும் இப்படித்தான் பார்ப்பார்கள். போதாததற்கு, அந்த ரத்தான தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படும். அதை வரிக் கணக்கில் காட்டாமல் விட்டால் கடன் பிரச்சினை வரிப் பிரச்சினையாக மறுபிறவி எடுக்கும்.

எது உங்களுக்குச் சாதகம்? விதியே சிலவற்றை ஒப்புக்கொள்கிறது. வேலை போனது, திடீர் நோய், வீட்டில் சாவு, விவாகரத்து, அடையாளத் திருட்டு போன்றவை உங்கள் கைமீறிய காரணங்கள். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை: "அந்த நிலையிலும் பொறுப்பாக நடந்துகொண்டிருக்க வேண்டும்" என்கிறது. நம்பகமான இடத்தில் கடன் ஆலோசனை பெற்று நிலைமை கட்டுக்குள் வந்திருப்பது, நல்லெண்ணத்தோடு திருப்பிக் கட்டும் திட்டத்தைத் தொடங்கி அதில் நிலைத்து நிற்பது, கடனே தவறு என்று ஆதாரத்தோடு மறுப்பது ஆகியவையும் கணக்கில் வரும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 18,000 டாலர் பாக்கி, காரணமும் ஒன்றே: வேலை போனது. முதலாமவர் அடுத்த மாதமே கடன்காரர்களுக்குப் போன் செய்து மாதம் 150 டாலர் தவணை பேசி, இரண்டு வருடமாகக் கட்டிவருகிறார். இன்னும் பெரும்பகுதி பாக்கிதான். இரண்டாமவர் புது வேலை கிடைத்தும் கண்டுகொள்ளாமல் இருந்தார். கிளியரன்ஸை ஏன் மறுக்கலாம் என்று அரசிடமிருந்து கடிதம் வந்ததும் மச்சானிடம் கைமாற்று வாங்கி ஒரே வாரத்தில் முழுவதையும் அடைத்தார். இவரிடம் பாக்கி பூஜ்யம். இருந்தும் முதலாமவர் நிலைதான் வலுவானது. வேலைக்கு ஆபத்து என்றதும் கட்டியவர், ஆபத்து நீங்கியதும் என்ன செய்வார் என்ற கேள்வி இரண்டாமவர் தலைக்கு மேல் தொங்குகிறது. எவ்வளவு கட்டினீர்கள் என்பதைவிட எந்தத் தேதியில் கட்டத் தொடங்கினீர்கள் என்பதுதான் இங்கே பேசும்.

கடன் தீர்க்கும் கம்பெனிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களில் பலர் முதலில் சொல்வதே "கடன்காரருக்குக் கட்டுவதை நிறுத்து, எங்களிடம் பணம் சேரட்டும்" என்பதுதான். ஒழுங்காக இருந்த கணக்கும் அதனால் 120 நாளைத் தாண்டிவிடும். லாப நோக்கற்ற கடன் ஆலோசனை மையங்கள் மேல். திவால் மனு போட்டாலே கதை முடிந்தது என்பதும் உண்மையல்ல. அது சட்டம் கொடுத்த வழி. ஏன் போட்டீர்கள், அதற்குப் பின் எப்படி வாழ்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். கல்விக்கடன் தவணையை அதிகாரபூர்வமாகத் தள்ளிவைக்கச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தால் அது கட்டாத கடன் ஆகாது. அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வரி விஷயம் தனி ரகம்

கிளியரன்ஸ் வழக்கை விசாரிக்கும் நீதிபதி கிரெடிட் கார்டு பாக்கியை மன்னித்தாலும், வரி தாக்கல் செய்யாததை எளிதில் மன்னிக்க மாட்டார். அரசு போட்ட அடிப்படைச் சட்டத்தையே பின்பற்றாதவர் ரகசிய விதிகளை எப்படிப் பின்பற்றுவார் என்பது அவர்களின் நியாயம். கையில் பணம் இல்லை என்பதற்காகத் தாக்கலையே நிறுத்துவது பெரிய முட்டாள்தனம். தாக்கல் செய்யாததற்கு அபராதம் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் மாதம் 0.5 சதவீதம். முதலில் தாக்கல், பிறகு 9465 படிவத்தில் தவணை கேட்பது. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டு அதன்படி கட்டிவந்தால், அதுவே விதியில் தனியாகச் சொல்லப்பட்ட சாதகமான அம்சம்.

தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. அதனால் எங்கேயும் காட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் இருப்பது எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் அறிக்கையும் தர வேண்டும். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் ஊர் வங்கிக் கணக்கும் இதில் சேரும். கிளியரன்ஸ் படிவம் வெளிநாட்டுச் சொத்துகளைத் தனியாகக் கேட்கிறது; அங்கே எழுதியதும் வரிக் கணக்கில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். படிவம் நிரப்புவதற்கு முன்பே வரிக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்துவிடுங்கள்.

குற்றப் பின்னணி

22-ஆம் பிரிவு போலீஸ் விவகாரம். பொதுவான கேள்விகள் கடந்த 7 ஆண்டுகளுக்கு: கைது, வழக்கு, கோர்ட் சம்மன், புரொபேஷன் (கோர்ட் விதிக்கும் கண்காணிப்புக் காலம்). சில கேள்விகளுக்குக் கால எல்லையே இல்லை: பெருங்குற்ற வழக்கு எதுவாயினும், துப்பாக்கி அல்லது வெடிபொருள், மது அல்லது போதைப்பொருள் தொடர்பான வழக்கு, ஓராண்டுக்கு மேல் சிறை, குடும்ப வன்முறையில் தண்டனை. 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்தை எழுத வேண்டாம், மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படாதவரை. குடித்துவிட்டு ஓட்டியது இருபது வருடத்துக்கு முந்தியதானாலும் எழுத வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்: வழக்குத் தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவை கோர்ட்டே மூடி அழித்திருந்தாலும், படிவத்தில் எழுத வேண்டும். (விதிவிலக்கு மிகக் குறுகியது: கூட்டாட்சி போதைப்பொருள் சட்டத்தின் கீழான சில தண்டனைகள், அதையும் கோர்ட் முறைப்படி அழித்திருந்தால் மட்டும்.) "உங்கள் பதிவு சுத்தம், இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை" என்று உள்ளூர் வக்கீல் சொன்னதை நம்பி "இல்லை" என்று டிக் அடித்தவர்கள் ஏராளம். அவர் சொன்னது தனியார் வேலைக்குப் பொருந்தும், இதற்கல்ல. வெளிநாட்டில் நடந்தவற்றையும் எழுதச் சொல்கிறது படிவம். அதாவது சென்னையில் ஒரு வரதட்சணைப் புகாரில் உங்கள் பெயரும் சேர்ந்து, வழக்கு நடந்து, பிறகு சமரசத்தில் முடிந்திருந்தாலும், கேட்ட காலத்துக்குள் வந்தால் அது படிவத்தில் இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலையும் தீர்ப்பு நகலையும் இப்போதே வாங்கி வைப்பது நல்லது. தேவைப்படும் நேரத்தில் ஊரிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும்.

முடிவெடுப்பவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா என்பது முதல் கேள்வி அல்ல. குற்றச் செயல் நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால், வழக்கே போடாவிட்டாலும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. சிறுசிறு தப்புகள் வரிசையாக இருப்பதும், இப்போது புரொபேஷனில் இருப்பதும் பாதகம். ஆறு மாதத்தில் புரொபேஷன் முடிகிறது என்றால், முடிந்தபின் விண்ணப்பிக்க முடியுமா என்று கம்பெனியிடம் பேசிப் பாருங்கள். காலம் கடந்திருப்பது, நட்ட ஈடு கட்டியது, நல்ல வேலைப் பதிவு, படிப்பு, ஊர்க் காரியங்களில் பங்கு ஆகியவை சாதகம்.

முழுத் தடை என்று சட்டம் சொல்வது மிகக் குறைவு. 2008-இன் பாண்ட் திருத்தம், இப்போது சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துகிறவருக்கு எந்தக் கிளியரன்ஸும் கூடாது என்கிறது. மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் இது மாறாது. ஓராண்டுக்கு மேல் சிறை இருந்தவருக்குச் சாதாரண சீக்ரெட் தடையில்லை. உளவுத் தகவல்களுக்கான எஸ்சிஐ போன்ற சிறப்புப் பிரிவுகளுக்குத்தான் தடை, அதற்கும் விலக்கு கேட்கலாம்.

மறைப்பதன் விலை

படிவத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றம். அந்த அளவுக்குப் போவது அரிது. அன்றாடம் நடப்பது வேறு: பழைய சின்ன வழக்கு தன்னளவில் மன்னிக்கக்கூடியதாக இருக்கும், அதை மறைத்தது மன்னிக்க முடியாததாகிவிடும். முன்பு சொன்ன 'இ' கவிழ்க்கும் இடம் இதுதான். 10 வருடத்துக்கு முந்திய தவறு பழையது; போன மாதம் போட்ட பொய் டிக் புத்தம் புதியது. மறந்துவிட்டிருந்தால், விசாரணை அதிகாரி எடுத்துக் காட்டுவதற்கு முன் நீங்களே சொல்லித் திருத்துங்கள். அவர் காகிதத்தை மேசையில் வைத்தபின் சொல்வதற்கு அந்த மதிப்பு கிடையாது.

விசாரணையும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்ற ஆரன் அலெக்சிஸிடம் சீக்ரெட் கிளியரன்ஸ் இருந்தது. 2004-இல் சியாட்டிலில் ஒரு காரின் டயர்களைத் துப்பாக்கியால் சுட்டு அவர் கைதாகியிருந்தார். பின்னணி அறிக்கையில் டயரின் காற்றைப் போக்கினார் என்ற அளவில்தான் இருந்தது. துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை என்ற பழைய முறை போய், கைது, கடன் பதிவுகளைக் கணினி இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் முறை வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதம் வந்தால்

கிளியரன்ஸ் தரத் தயங்கும்போது அரசு அனுப்பும் உறைக்குள் இருப்பது எஸ்ஓஆர், காரணங்களின் அறிக்கை. 1-ஏ, 1-பி என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி. ஒப்பந்தக் கம்பெனி ஊழியர்களுக்குப் பதில் சொல்ல 20 நாள். ஒவ்வொரு வரிக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத வேண்டும். நீதிபதி முன் நேரில் விசாரணை வேண்டுமா, எழுத்து மூலம் போதுமா என்றும் கேட்பார்கள். செலவு பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். உங்கள் முகத்தைப் பார்த்து, குறுக்குக் கேள்வி கேட்டு நம்புவதற்கான வாய்ப்பை நீதிபதிக்குக் கொடுப்பது நேர் விசாரணைதான், அதையே கேளுங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தனி உறை போடுங்கள்: முதல் கடிதம், தவணை ஒப்பந்தம், ஒவ்வொரு மாத ரசீது, இன்றைய பாக்கி. கூடவே மாத வரவு செலவுக் கணக்கு ஒரு பக்கம். "கட்டிவிட்டேன்" என்று வாயால் சொல்வது செல்லாது. தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புத் தரலாம், ஆனால் மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் எதையும் ஏற்க மாட்டார்கள். விசாரணையில் காட்ட மறந்த ரசீது மறந்ததுதான். முடிவாக மறுக்கப்பட்டால் ஓராண்டு கழித்துத்தான் மறுபடி முயல முடியும்.

இதெல்லாம் வருவதற்கு முன் செய்யக்கூடியது ஒரு வார வேலை. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுபோல இருக்காது. ஐஆர்எஸ் தளத்தில் ஒவ்வொரு ஆண்டின் வரிச் சுருக்கத்தையும் எடுங்கள். எஃப்பிஐயிடம் 18 டாலர் கட்டினால் உங்கள் பெயரில் அவர்களிடம் என்ன பதிவு இருக்கிறது என்று அனுப்புவார்கள். அதில் இல்லை என்பதற்காக எழுதாமல் விடாதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தின் ஏட்டில் இருக்கலாம்.

கிளியரன்ஸ் கிடைத்தபின்னும் கணக்கு தொடரும். கைதானால், திவாலானால், கடன் 120 நாளைத் தாண்டினால் நீங்களே கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். டாப் சீக்ரெட் என்றால், வழக்கத்துக்கு மாறாக 10,000 டாலரோ அதற்கு மேலோ பணம் வந்தாலும் சொல்ல வேண்டும். ஊரில் அப்பா நிலத்தை விற்று உங்கள் பாகத்தை அனுப்பினால், பாகப் பிரிவினைப் பத்திர நகலையும் வங்கிப் பரிமாற்ற ரசீதையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே அவர் அறைக்குப் போங்கள்.